நேப்பிள்ஸின் இரண்டு தோழிகளும் அவர்களுடைய அம்மாக்களும்

எனக்கு மிகவும் பிடித்த நாவல் எது என்று கேட்டால் நான் யோசிப்பதே இல்லை. எலெனா ஃபெரான்டேயின் 'மை பிரில்லியண்ட் ஃபிரெண்ட்'. நான்கு பாகங்கள். இத்தாலிய மொழியில் 2011 தொடங்கி 2014 வரை வருஷத்துக்கு ஒன்றாக வெளிவந்தன. ஆன் கோல்ட்ஸ்டைனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2012இலிருந்து 2015க்குள் வந்து முடிந்தது. நான் படித்தது அதைத்தான். இது ஒரே நாவல்தான், நீளம் கருதித்தான் நான்காகப் பிரித்தது என்று ஃபெரான்டே சொல்லியிருக்கிறார். அதனால் நானும் நான்கையும் சேர்த்து ஒரே புத்தகமாக வைத்துத்தான் பேசப்போகிறேன்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அறுபது வருஷ நட்பின் கதை என்பார்கள். அது சரிதான். லீலா, லெனு என்று இரண்டு பெண்கள். இருவரும் 1944 ஆகஸ்டில் பிறந்தவர்கள். நேப்பிள்ஸ் நகரத்தின் ஓரத்தில், போர் முடிந்த கையோடு இருக்கிற ஒரு ஏழைக் குடியிருப்பு. லீலாவின் அப்பா செருப்புத் தைப்பவர். லெனுவின் அப்பா நகராட்சி அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே டீச்சர். ஒருத்தி படித்து எழுத்தாளராகி வெளியே போகிறாள். இன்னொருத்தி அங்கேயே இருக்கிறாள். இப்படித்தான் பின்னட்டையில் போட்டிருக்கும்.

ஆனால் அந்த நட்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். லெனுவின் அம்மா இம்மகோலாத்தாவுக்குக் கால் சரியில்லை. நொண்டி நொண்டித்தான் நடப்பாள். ஒரு கண்ணும் ஓரிடத்தில் நிற்காது. எங்கே பார்க்கிறாள் என்று தெரியாது. சிறுமி லெனுவுக்கு அம்மாவைப் பார்க்கவே பிடிக்காது. பிடிக்காததைவிடப் பெரிய விஷயம், பயம். இந்த உடம்பு ஒருநாள் எனக்கும் வந்துவிடும், இரவில் எழுந்து பார்த்தால் என் காலும் இழுத்துக்கொண்டிருக்கும் என்ற பயம். அந்த நேரத்தில்தான் லீலா கண்ணில் படுகிறாள். ஒல்லியான, வேகமான கால்கள். ஒரு இடத்தில் நிற்காத பெண். இவளுடைய வேகத்துக்கு ஈடுகொடுத்து நடந்தால் அம்மாவின் கால் என்னை வந்து பிடிக்காது என்று லெனு முடிவு செய்கிறாள். அன்றிலிருந்து லீலாவைக் கண்ணை விட்டு விலக்குவதே இல்லை.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நட்பு என்றால் ஒத்த ரசனை, விட்டுக்கொடுத்தல், கஷ்டத்தில் தோள் கொடுத்தல் என்றுதான் கதைகளில் படித்திருக்கிறோம். அம்மா மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதற்காக ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பிடித்துக்கொள்கிறாள் என்று யாரும் எனக்கு எழுதிக் காட்டியதில்லை. எனக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே இருக்கும் சிநேகிதி ஒருத்தி உண்டு. அவளிடம் எனக்கு முதலில் பிடித்தது அவள் குரல்தான். தணிந்து, நிதானமாகப் பேசுவாள். என் அம்மா எதையும் கத்தித்தான் சொல்வாள். நானும் அப்படிக் கத்துகிறவளாக ஆகிவிடுவேனோ என்று அந்த வயதிலேயே எனக்குள் இருந்தது. இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே ஃபெரான்டே படித்த பிறகுதான்.

அதனால் இதை நட்பின் நாவல் என்று மட்டும் சொல்லி யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. அம்மாக்களை எடுத்துவிட்டால் இந்த நட்பே நிற்காது.

கதைக்கு வருகிறேன். தொடக்கம் 2010இல். லெனுவுக்கு அறுபத்தாறு வயது, டுரின் நகரத்தில் இருக்கிறாள். லீலாவின் மகன் ரீனோ போன் செய்கிறான், அம்மாவைக் காணவில்லை என்று. பீரோவில் துணி இல்லை, செருப்பு இல்லை. பழைய போட்டோக்களில்கூடத் தன் உருவத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். லெனு அழவில்லை. கோபப்படுகிறாள். நீ தடயமே இல்லாமல் போகப் பார்க்கிறாயா, நான் எல்லாவற்றையும் எழுதுகிறேன், யார் ஜெயிக்கிறோம் பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்கிறாள். நான்கு பாகமும் அந்தக் கோபத்தில் எழுதியதுதான். தோழியைப் பற்றிய நாவலைக் கோபத்தில் தொடங்கியதற்காகவே எனக்கு ஃபெரான்டே மேல் தனி மதிப்பு.

முதல் பாகத்தில் வருகிற பொம்மைச் சம்பவம் பிரசித்தம். லீலா, லெனுவின் பொம்மையை நிலவறை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளிவிடுகிறாள். லெனு உடனே லீலாவின் பொம்மையைத் தள்ளுகிறாள். பிறகு இருவரும் கைகோத்துக்கொண்டு, தெருவே பயப்படுகிற டான் அக்கிலேயின் வீட்டுப் படியேறி, எங்கள் பொம்மையைக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். அவர் பொம்மைக்குப் பதில் பணம் தருகிறார். அந்தப் பணத்தில் ஒரு நாவல் வாங்கி, அது கிழிந்து தாள்தாளாகப் போகிறவரை சேர்ந்து படிக்கிறார்கள். லெனுவின் அந்தப் பொம்மையின் பெயர் தீனா. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான்காம் பாகத்தில் வேண்டியிருக்கும்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கடல் பார்க்கப் போகும் காட்சி. நேப்பிள்ஸ் கடற்கரை நகரம். ஆனால் இந்தப் பெண்களுக்குக் கடல் எட்டாத தூரம். குடியிருப்பை விட்டுத் தனியாகப் போனதே இல்லை. ஒருநாள் லீலாதான் திட்டம் போடுகிறாள்: பள்ளிக்கூடம் போகிற மாதிரி கிளம்பி, பெரிய சுரங்கப்பாதையைத் தாண்டி, நடந்தே போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். கிளம்புகிறார்கள். ஆரம்பத்தில் லீலாவுக்குத்தான் உற்சாகம். போகப்போக லீலா திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், நடை தளர்கிறது. லெனுவுக்கோ போகப்போகச் சந்தோஷம் கூடுகிறது. வானம் கறுத்து மழை கொட்டத் தொடங்கியதும் லீலா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க ஓடுகிறாள். லெனு போகலாம் என்கிறாள். தைரியசாலி என்று பெயரெடுத்த லீலா முடியாது என்கிறாள்.

வீட்டில் லெனுவுக்கு அடி விழுகிறது. மறுநாள் லீலா கேட்கிற கேள்விதான் விஷயம். அடித்தார்கள், அவ்வளவுதானா? இன்னும் உன்னை லத்தீன் படிக்க அனுப்பப் போகிறார்களா?

லெனுவை நடுநிலைப் பள்ளிக்கு அனுப்ப அப்போதுதான் வீட்டில் சம்மதித்திருக்கிறார்கள். லீலாவை அனுப்ப அவள் அப்பா மறுத்துவிட்டார். அப்படியென்றால் லெனுவின் படிப்பையும் நிறுத்தட்டும் என்றுதான் லீலா கூட்டிக்கொண்டு போனாளா? இல்லை, போகிற வழியில் அது புரிந்து, அப்படி நடந்துவிடக் கூடாதே என்று பதறித் திரும்பினாளா? இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் விரும்பியிருப்பாளோ என்று பல வருஷம் கழித்து லெனு யோசிக்கிறாள். அதற்கு மேல் நாவல் எதுவும் சொல்வதில்லை.

இதை வைத்து நானும் என் சிநேகிதியும் போட்ட சண்டை கொஞ்சமல்ல. அவள் கட்சி, "பயந்துட்டாடி, பத்து வயசுக் குழந்தை, இடி இடிச்சா பயப்படாதா? நீ ரொம்பத் தோண்டாதே." என் கட்சி, லீலா எதற்கும் அப்படிப் பயப்படுகிறவள் இல்லை. அவள் திரும்பியது லெனுவுக்காகத்தான். கூட்டிக்கொண்டு போனதும் லெனுவைக் கெடுக்கத்தான். இரண்டும் ஒரே காலையில் ஒரே மனதில் இருக்க முடியும் என்று காட்டுவதற்குத்தான் ஃபெரான்டே அந்த மழையைப் பெய்ய வைத்திருக்கிறார். பொறாமையும் பாசமும் தனித்தனி அறையில் குடியிருப்பதில்லை. இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

இதே காட்சியில் அம்மா எங்கே இருக்கிறாள் என்று கவனியுங்கள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை என்றதும் மழையில் குடையோடு தேடி வந்தவள் அவள்தான். அடித்தவளும் அவள்தான். இம்மகோலாத்தாவுக்கு மகள் படிப்பதில் இஷ்டம் இல்லை. ஆனால் படிப்பு நிற்காமலும் போகிறது. பிறகு லெனு பீசா நகரத்துப் பெரிய கல்வி நிறுவனத்தில் இடம் பிடித்துப் போய், அங்கே காய்ச்சலில் கிடக்கும்போது, நேப்பிள்ஸை விட்டு நகராத அந்த அம்மா ரயிலேறி வந்து நிற்கிறாள். மகள் வெட்கப்படுகிறாள். அம்மாவின் நடை, அம்மாவின் வட்டாரப் பேச்சு, எல்லாம் தோழிகள் முன்னால் தெரிந்துவிட்டதே என்று. அன்பாக ஒரு வார்த்தை இரண்டு பக்கமும் கிடையாது. ஆனால் வந்திருக்கிறாள்.

லீலாவின் அம்மா நுன்ஸியா வேறு ரகம். அவளை வில்லியாகவும் எழுதவில்லை, தியாகியாகவும் எழுதவில்லை. கணவனின் கோபத்துக்கும் மகளின் பிடிவாதத்துக்கும் நடுவில் குரல் எடுபடாமலே காலம் தள்ளுகிற பெண். லீலா படிக்க வேண்டும் என்று அப்பாவிடம் மல்லுக்கு நிற்பது அவள் அண்ணன்தான், அம்மா அல்ல. அந்தச் சண்டையின் உச்சத்தில் அப்பா ஃபெர்னாண்டோ மகளைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே வீசுகிறார். லெனு கீழே தெருவில் நின்று பார்க்கிறாள். கை உடைந்து எழுந்து நிற்கிற லீலா சொல்கிறாள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மூன்று வார்த்தையில் லீலா யார் என்று தெரிந்துவிடுகிறது. லெனு போகிற நடுநிலைப் பள்ளிக்கு அவள் போவதே இல்லை.

போகாவிட்டாலும் படிக்கிறாள். இரவல் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து லத்தீனும் கிரேக்கமும் தானாகவே கற்றுக்கொண்டு, பள்ளிக்கூடம் போகிற லெனுவுக்குச் சொல்லித் தருகிறாள். அந்த நூலகத்தில் அதிகம் படித்தவர்களுக்குப் பரிசு தருகிறார்கள். முதல் பரிசு லீலா, அடுத்து அவள் அப்பா, அடுத்து அம்மா, அடுத்து அண்ணன். ஐந்தாவதுதான் லெனு. வீட்டில் எல்லோர் பேரிலும் கார்டு போட்டு எடுத்தவள் ஒருத்தியேதான். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன், அப்புறம் வயிற்றைப் பிசைந்தது. ஒரு குடும்பத்துக்கான மொத்தப் படிப்பையும் பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட ஒரு பெண் தனியாகப் படித்துத் தீர்த்திருக்கிறாள்.

தலைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் பாகம் பூராவும் புத்திசாலித் தோழி என்றால் அது லீலாதான் என்று நினைத்துக்கொண்டே படிப்போம். பதினாறு வயதில் லீலாவுக்கு மளிகைக்கடை ஸ்தேஃபானோவோடு கல்யாணம். கல்யாண நாள் காலையில் லெனு அவளைக் குளிப்பாட்டிவிடுகிறாள். அப்போது லீலா சொல்கிறாள், நீ படிப்பை நிறுத்தாதே, நீதான் என் புத்திசாலித் தோழி, நீ எல்லோரையும்விடச் சிறந்தவளாக வர வேண்டும், ஆண் பெண் எல்லோரையும்விட. அந்தப் பட்டம் யாருடையது என்று அந்த இடத்தில் தலைகீழாகிவிடுகிறது. ஒருவரை ஒருவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் தெரியாமல்.

இரண்டாம் பாகத்தில் எனக்கு உயிர் 'நீலத் தேவதை'. பத்து வயதில் லீலா எழுதிய ஒரு கதை, சில பக்கம். டீச்சர் ஒலிவியேரோவிடம் கொடுத்தது. டீச்சர் ஒன்றும் சொல்லவே இல்லை. லெனு வளர்ந்து முதல் நாவல் எழுதி, அது அச்சாகிற நேரத்தில், டீச்சர் இறந்த பிறகு, அந்தப் பழைய தாள்கள் லெனுவின் கைக்கு வருகின்றன. ஓரங்களில் டீச்சரின் பாராட்டுக் குறிப்புகள். அத்தனை வருஷம் குழந்தையிடம் சொல்லாமல் வைத்திருந்த பாராட்டு. படிக்கிற லெனுவுக்கு இன்னொன்றும் புரிகிறது: தான் எழுதிய நாவலின் உயிர் அந்தக் குழந்தையின் கதையிலிருந்து வந்தது. எடுத்துக்கொண்டு லீலாவைத் தேடிப் போகிறாள். லீலா அப்போது கணவனை விட்டுவிட்டு, இறைச்சித் தொழிற்சாலையில் கையெல்லாம் வெட்டும் காயமுமாக வேலை செய்துகொண்டிருக்கிறாள். லெனு அந்தத் தாள்களைக் கொடுத்துவிட்டு வருகிறாள். வாசலில் திரும்பிப் பார்த்தால், லீலா முற்றத்தில் எரிகிற நெருப்பில் 'நீலத் தேவதை'யைப் போடுகிறாள்.

இந்தக் காட்சிக்கு ஒரு ஜோடி உண்டு. 1966இல் லீலா தன் நோட்டுப் புத்தகங்களை, கணவன் கண்ணில் படாமல் இருக்க, ஒரு பெட்டியில் போட்டு லெனுவிடம் ஒப்படைக்கிறாள், படிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. லெனு எல்லாவற்றையும் படிக்கிறாள். மனப்பாடம் ஆகும் அளவுக்குப் படிக்கிறாள். பிறகு பீசாவில் பாலத்தின் மேலிருந்து ஆர்னோ ஆற்றில் பெட்டியைத் தள்ளிவிடுகிறாள். ஒருத்தி தன் எழுத்தை எரிக்கிறாள், இன்னொருத்தி தோழியின் எழுத்தை ஆற்றில் போடுகிறாள். இதற்குப் பிறகும் இவர்களைத் தோழிகள் என்று சொல்ல முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும். இப்படிச் செய்யும் அளவுக்கு அடுத்தவள் எழுத்து மேல் மரியாதை வேறு யாருக்கு இருக்கிறது?

குறைகளும் உண்டு. பெயர்கள் ஏராளம். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பெயர். லீலாவின் அண்ணனும் ரீனோ, மகனும் ரீனோ. ஒவ்வொரு பாகத்தின் முன்னாலும் குடும்பவாரியாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு அட்டையைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள், முதல் பாகத்தில் அடிக்கடி திரும்ப வேண்டியிருக்கும். மூன்றாம் பாகத்தில் 1968க்குப் பிந்தைய இத்தாலிய அரசியல், தொழிற்சங்கம், பாசிசக் கும்பல், கூட்டங்கள் எல்லாம் வரிசையாக வருகின்றன. தேவைதான், ஆனால் லெனு கலந்துகொள்கிற விவாதங்கள் சில பக்கங்கள் நீண்டுவிடுகின்றன. தொழிற்சாலைப் பகுதிகள் மட்டும் அதில் நெருப்பாக நிற்கின்றன.

அப்புறம் நீனோ. லெனு சின்ன வயதிலிருந்து விரும்பும் ஆள். அவன் எப்படிப்பட்டவன் என்று நமக்கு எப்போதோ தெரிந்துவிடும், லெனுவுக்கு மட்டும் நான்காம் பாகம் வரை தெரியாது. எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்த எரிச்சலோடுதான் படிக்க வேண்டும். நெருங்கிய சிநேகிதி ஒரு தப்பான ஆளைக் கொண்டாடும்போது பக்கத்தில் இருப்பவர்களுக்கு வரும் எரிச்சல் இதேதான்.

ஆங்கிலப் பதிப்பின் அட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மங்கிய நிறத்தில் மணப்பெண்ணும் கடற்கரையுமாக, ஏதோ இலேசான காதல் கதை மாதிரி இருக்கும். என் மகள் அட்டையைப் பார்த்துவிட்டே வருஷக்கணக்கில் தொடாமல் இருந்தாள். அட்டையை நம்பாதீர்கள். உள்ளே இருப்பது கத்தி. 2024இல் நியூயார்க் டைம்ஸ் இந்த நூற்றாண்டின் சிறந்த நூறு புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் போட்டபோது முதல் இடம் 'மை பிரில்லியண்ட் ஃபிரெண்ட்'டுக்குத்தான். பட்டியல்களுக்காக நான் எதையும் படிப்பதில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் பார்த்தபோது சொந்தக்காரர் வீட்டில் நல்லது நடந்த மாதிரி மகிழ்ந்தேன்.

மொழிபெயர்ப்பு தெளிவாக ஓடுகிறது. வட்டார வழக்கை ஃபெரான்டே பெரும்பாலும் எழுதிக் காட்டுவதில்லை, இதை வட்டார வழக்கில் சொன்னாள் என்று குறிப்பிட்டுவிட்டுப் போகிறார். வீட்டுப் பேச்சு ஒன்று, பள்ளிக்கூடப் பேச்சு ஒன்று என்று வளர்ந்த நமக்கு அந்தக் குறிப்பே போதும். கோபம் வந்தால் லெனு எந்தப் பேச்சுக்கு மாறுகிறாள், அம்மாவிடம் எந்தப் பேச்சில் பதில் சொல்கிறாள் என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். அம்மாவைத் தள்ளி நிறுத்தும் ஆயுதமே அந்தச் சுத்தமான இத்தாலிய மொழிதான்.

ஃபெரான்டே என்பது புனைபெயர். முகம் காட்டியதில்லை. எழுதி முடித்த புத்தகத்துக்கு ஆசிரியர் தேவையில்லை என்று முதல் நாவல் வரும் முன்பே பதிப்பாளருக்கு எழுதியவர். அந்த முதல் நாவலும் இறந்துபோன அம்மாவை ஒரு மகள் தேடிப் போகிற கதைதான். 2006இல் எழுதிய 'தி லாஸ்ட் டாட்டர்' என்ற சின்ன நாவலில், கடற்கரையில் ஒரு அம்மா வேறொரு குழந்தையின் பொம்மையைத் திருடி வைத்துக்கொள்கிறாள். அம்மா, மகள், பொம்மை. இந்த மூன்றையும் ஃபெரான்டே வாழ்நாள் முழுக்க விடவே இல்லை.

இனி நான்காம் பாகம். கணவனையும் ஃப்ளோரன்ஸ் வீட்டையும் விட்டு லெனு நீனோவோடு போகிறாள். இரண்டு மகள்களை அங்கங்கே விட்டுவிட்டு அவனோடு சுற்றுகிறாள். தன் அம்மாவை அத்தனை வருஷம் வெறுத்த பெண், தன் குழந்தைகள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் அம்மாவாக ஆகிறாள். ஃபெரான்டே இதற்குச் சாக்கு எதுவும் சொல்வதில்லை, லெனுவைத் திட்டுவதும் இல்லை. விஷயம் தெரிந்து இம்மகோலாத்தா ஃப்ளோரன்ஸுக்கே வந்துவிடுகிறாள். கத்துகிறாள், அடிக்கிறாள். மகளும் பதிலுக்கு அம்மாவைப் பிடித்து உலுக்குகிறாள். பேத்திகள் வீட்டில் இருக்கும்போதே. மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே வீட்டில் நிற்கிற அந்தக் காட்சியைச் சத்தம் கேட்பது போல எழுதியிருக்கிறார். நான் வளர்ந்த வீட்டில் யாரும் யாரையும் உலுக்கியதில்லை. ஆனால் அம்மா சொல்லும் வார்த்தைகளில் சில எனக்குப் பழக்கமானவை. படிக்க வைத்ததற்கு இதுவா பலன் என்ற வார்த்தை எந்த மொழியிலும் ஒன்றுதான்.

பிறகு லெனு நேப்பிள்ஸுக்கே திரும்புகிறாள். அவளும் லீலாவும் ஒரே சமயத்தில் கர்ப்பம். இருவரும் ஒரே டாக்டரிடம் போகிறார்கள். அதே மாதங்களில் இம்மகோலாத்தா நோயில் விழுகிறாள். 1980 நவம்பர் 23 நிலநடுக்கம் வருகிறது. தெற்கு இத்தாலியில் நிஜமாகவே நடந்த நிலநடுக்கம். அந்த இரவில் வயிற்றுப் பிள்ளையோடு இரண்டு பேரும் சேர்ந்து இருக்கும்போது, எதற்கும் அஞ்சாத லீலா உடைந்து போகிறாள். பொருள்களின், மனிதர்களின் ஓரங்கள் கரைந்து ஒன்றுக்குள் ஒன்று வழிவதாகத் தனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து அந்தப் பயத்தை மறைத்துத்தான் இத்தனையும் செய்தேன் என்று சொல்கிறாள். லெனு உறுதியாக இருக்கிறாள். லீலாதான் பலசாலி என்று முப்பது வருஷம் நினைத்தது அந்த இரவில் மாறுகிறது. நாவல் முழுவதிலும் லீலாவின் உள்ளே நேராக நாம் பார்க்கிற இடம் இது ஒன்றுதான் என்பேன்.

இரண்டு பேருக்கும் பெண் குழந்தை. லெனு தன் அம்மாவின் பெயரையே வைக்கிறாள்: இம்மகோலாத்தா, சுருக்கமாக இம்மா. லீலாவும் தன் அம்மா பெயரைத்தான் வைக்கிறாள்: நுன்ஸியாத்தா. கூப்பிடுவது தீனா. முதல் பாகத்தில் நிலவறையில் விழுந்த லெனுவின் பொம்மையின் பெயர். யார் மாதிரி ஆகிவிடக் கூடாது என்று ஓடினார்களோ அவர்கள் பெயரையே மகளுக்கு வைத்துக் கூப்பிடுகிறார்கள். இதை யாரும் வசனம் பேசி விளக்குவதில்லை. லெனு பொம்மையின் பெயரை மட்டும் நினைத்துப் பார்த்துவிட்டுப் போகிறாள். இந்தப் பாகத்தின் தலைப்பு தொலைந்துபோன ஒரு குழந்தையைப் பற்றியது. அதற்கு மேல் சொன்னால் படிக்கப் போகிறவர்களுக்குத் துரோகம்.

அம்மாவின் கடைசி மாதங்கள்தான் என்னைப் பொறுத்தவரை நாவலின் சிகரம். இம்மகோலாத்தாவை டாக்டரிடம் அழைத்துப் போவதிலும் பார்த்துக்கொள்வதிலும் லீலா லெனுவுக்குச் சமமாக நிற்கிறாள்; லெனுவுக்கு அதிலும் ஒரு பொறாமை. படுக்கையில் கிடக்கிற அம்மா மகளிடம் மனம் திறக்கிறாள். வாழ்க்கையில் தனக்கு நடந்த ஒரே நல்ல விஷயம், முதல் குழந்தையாக நீ என் வயிற்றிலிருந்து வந்த அந்த நேரம்தான் என்கிறாள். மற்ற பிள்ளைகள் மேல் தனக்கு ஒட்டுதலே வரவில்லை, அதுதான் தான் செய்த பெரிய பாவம் என்கிறாள். நான்கு பாகமும் திட்டிக்கொண்டே இருந்த பெண். படிப்பைத் தடுத்தவள், அடித்தவள், மகளின் புத்தகங்களைப் பார்த்து முகம் சுளித்தவள். அவள் மனதில் இது இருந்திருக்கிறது. லெனுவுக்கு அப்போது நாற்பதை நெருங்குகிறது.

நான் அதை இரவில் படித்தேன். பக்கத்து அறையில் என் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. எழுப்பியிருந்தாலும் இதையெல்லாம் பேசிக்கொள்கிற பழக்கம் எங்களுக்குள் இல்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து அவள் கத்தும்போது எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது, அது மட்டும் உண்மை.

அந்தக் காலுக்கும் வருகிறேன். பிள்ளைப்பேற்றின்போது லெனுவுக்கு இடுப்பில் வலி வந்து நடை இழுத்திருக்கிறது. அப்போது நடுங்கிப் போனாள். அம்மா என் உடம்புக்குள் வந்து குடியேறிவிட்டாள் என்று. அம்மா போன பிறகு அதே வலி மறுபடி வருகிறது. இந்த முறை அதை விரட்ட அவளுக்கு மனமில்லை. அம்மா விட்டுப் போன சொத்து போல வைத்துக்கொண்டு லேசாக நொண்டி நடக்கிறாள். ஆறு வயதில் எதைக் கண்டு ஓடத் தொடங்கினாளோ அதைத் தானே எடுத்துக்கொள்கிறாள். ஓடக் கற்றுக்கொடுத்த லீலா அப்போதும் அதே தெருவில் இருக்கிறாள்.

கடைசியில் லெனுவின் மகள்கள் வளர்ந்து, வெளிநாடு போய், விடுமுறைக்கு வந்திருக்கிறபோது அம்மாவின் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்து, கிண்டலான குரலில் சத்தமாகப் படித்துச் சிரிக்கும் காட்சி ஒன்று உண்டு. லெனு கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஊரே கொண்டாடும் எழுத்தாளர், மகள்கள் வாயில் தன் வரிகள் எப்படிக் கேட்கின்றன என்று கேட்கிறாள். இம்மகோலாத்தாவை லெனு எப்படிப் பார்த்தாளோ அதே பார்வை இப்போது அவள் மேல். பழிவாங்கல் மாதிரி எழுதியிருந்தால் மலிவாகப் போயிருக்கும். சாதாரணமாக, ஒரு விடுமுறை நாள் அரட்டையாக எழுதிவிட்டுப் போகிறார்.

இதை வைத்து வந்த தொலைக்காட்சித் தொடரும் நன்றாகவே இருக்கிறது. 2018 முதல் 2024 வரை நான்கு சீசன். சிறு வயது லீலாவாக வருகிற லுடோவிகா நாஸ்தியின் கண்களை மறக்க முடியாது. இருந்தாலும் புத்தகத்தை முதலில் படியுங்கள். லெனு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பொய்களைக் கேமராவால் அவ்வளவு நெருக்கமாகக் காட்ட முடிவதில்லை.

யாருக்குச் சிபாரிசு செய்வேன்? பழைய சிநேகிதி ஒருத்தியோடு பேச்சு நின்றுபோனவர்களுக்கு முதலில். அம்மாவோடு ஒத்துப்போகாதவர்களுக்கு அடுத்து. மனதுக்கு இதமாக ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு இப்போது வேண்டாம். அடிதடி, கணவன் வீட்டுக் கொடுமை, கல்யாண இரவில் நடக்கும் வன்முறை எல்லாம் மறைக்காமல் வருகிறது. முதல் பாகத்தை மட்டும் வாங்கிப் பார்க்கலாம் என்று நினைத்தால், அதன் கடைசி வரியில் ஒருவன் காலில் போட்டிருக்கும் ஷூவைப் பார்த்ததும் இரண்டாம் பாகத்தைத் தேடி ஓட வேண்டியிருக்கும், அதனால் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். பலர் மூன்றாம் பாகத்தின் கூட்டங்களிலும் விவாதங்களிலும் களைத்து நிறுத்திவிடுகிறார்கள். என் மகளும் இப்போது அங்கேதான் நிற்கிறாள். அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: வேண்டுமானால் அந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டுப் போங்கள், புத்தகத்தை மட்டும் மூடிவிடாதீர்கள். லெனுவின் அம்மா வாய் திறப்பது நான்காம் பாகத்தில்தான்.